எங்கள் வீட்டு வேனும் வெடி லாரியும்

போன வருஷம் பங்குனி மாதம், சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு வரும் சாலையில், வெயில் தாழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன்னால், ஐம்பது தாண்டிய நான் எதற்காக ஒரு வேனை ஓட்டிக்கொண்டு அந்தச் சாலையில் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குச் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் பக்கம் சின்னதாக ஓர் அச்சகம். பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிளும், வருஷக் கடைசியில் காலண்டரும் அடிக்கிறோம். தை பிறந்து காலண்டர் சீசன் முடிந்துவிட்டால் மெஷின்களுக்கும் எங்களுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். "இந்தத் தடவை எங்கனயாச்சும் போயிட்டு வருவோம்" என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தையிலும் சொல்வார். மாசியில் ஏதாவது ஓர் ஆர்டர் வந்து குறுக்கே நிற்கும். இப்படியே பிள்ளைகள் படித்து, கல்யாணமாகி, ஆளுக்கொரு ஊரில் குடியேறியும்விட்டார்கள். நாங்கள் மட்டும் எங்கும் போகவில்லை.

அப்புறம் அவருக்குக் கண்ணில் கோளாறு வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேர் எதிரே இருப்பது மட்டும், ஒரு குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது போல அவருக்குத் தெரியும். வெளிச்சம் குறைந்தால் அதுவும் இல்லை. ஒரு நாள் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தபோது, "இருக்கிற கொஞ்சப் பார்வையையும் இந்த மெஷினைப் பாத்தே தீக்கணுமா புள்ள?" என்று கேட்டார். குரலில் புலம்பல் இல்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அடுத்த வாரமே ஒரு பழைய ஸ்கூல் வேனைப் பார்த்துப் பேசி முடித்தேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். தீபாவளி சீசனில் டிரைவர் வராத நாட்களில் லோடு வேனில் லேபிள் பண்டல்களை ஏற்றிக்கொண்டு நானே கம்பெனி கம்பெனியாக இறக்கியிருக்கிறேன். லாரிகளுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் வேனை விட்டு, இருக்கைகளைக் கழற்றச் சொன்னேன். ஒரு கட்டில், அடுப்புத் திண்டு, சின்ன சிலிண்டர், பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, பின்பக்கம் ஆள் உட்காரும் உயரத்துக்குத் தண்ணீர் டேங்க், அதற்கொரு மோட்டார், வெளியே நின்று குளிக்க நீளமான ஹோஸ் பைப். அவர் தினமும் பட்டறைக்கு வந்து ஒவ்வொன்றையும் கையால் தடவித் தடவிப் பார்ப்பார். வண்டி முடிவதற்குள் ஸ்விட்ச் எங்கே, ஸ்பூன் எங்கே என்பதெல்லாம் அவர் விரலுக்குப் பாடமாகிவிட்டது.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவருடைய அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். "கண்ணு தெரியாத ஆளைக் கூட்டிக்கிட்டு, பொம்பள வண்டி ஓட்டி ஊர் ஊராப் போவாளாக்கும்? கேக்கவே நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு மதினி. ஒரு கட்டில் எடம் இருக்கு, நீங்களும் வாறீகளா?" என்றேன். அவர் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரத்துக்குக் கிட்டே நின்றபோது அவருக்கு ஒரு பொம்மையும் அரைப் பொம்மையும்தான் தெரிந்தன. "பின்னால போவோம்" என்றார். தெரு நெடுகக் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனோம். ஒரு பூக்கடைக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றார். "இங்கன நில்லு. முழுக் கோபுரமும் உள்ள வந்துருச்சு!" என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து அந்தக் கோபுரத்தை நானும் அதுவரை பார்த்ததில்லை. கோபுரத்தையும் பார்த்தேன், அதைப் பார்க்கிற அவர் முகத்தையும் பார்த்தேன்.

அங்கிருந்து தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கு. பன்னீர்த் திராட்சை பழுத்துக் கிடந்த சமயம். ஒரு தோட்டக்காரர் எங்கள் வேனைப் பார்த்த ஆச்சரியத்தில் தன் தோட்டத்திலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னார். பந்தலுக்கு அடியில் நிழல் அதிகம், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தோட்டக்காரர் இவர் கையைப் பிடித்துத் தூக்கி ஒரு குலையில் வைத்தார். "பழுத்தது தானாக் கையில சொல்லும், அறுங்க" என்று கத்திரியைக் கொடுத்தார். இவர் குனிந்துகொண்டே பந்தல் பந்தலாகப் போய் அன்று காலை முழுக்க அறுத்தார். ஒயின் போடுகிற கம்பெனிக்கும் அந்தப் பக்கத்துப் பழம் போகிறதாம். "இவர் அறுத்ததுல ஒரு பாட்டில் யாருக்காச்சும் ஏறப்போகுது" என்று தோட்டக்காரர் சிரித்தார். கிளம்பும்போது இரண்டு கூடைப் பழத்தை வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வேனில் ஏற்றிவிட்டார்.

மதுரையில் நாயக்கர் மகாலின் தூணை இவர் கட்டிப் பிடித்தார், கை எட்டவில்லை. காரியாபட்டியில் மதியச் சாப்பாடு, திருச்சுழியில் கோயில், அருப்புக்கோட்டையில் டேங்க் நிறையத் தண்ணீர். இதற்குமேல் வீடுதான் என்று சாத்தூரைத் தாண்டினோம். எனக்கு வண்டி கைக்குள் அடங்கிப்போயிருந்தது. அடுத்த வருஷம் எங்கே போகலாம் என்று அவர் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

பேச்சை நடுவில் நிறுத்தி, மூக்கைச் சுளித்தார்.

"எங்கனயோ ரப்பர் கருகுது."

எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. எங்கள் வண்டியோ என்று பயந்து வேகத்தைக் குறைத்தேன். வாடை குறைந்துவிட்டது என்றார். மறுபடி வேகமெடுத்தால், மறுபடி வருகிறது என்றார். "நம்ம வண்டி இல்ல. முன்னால என்ன போகுது?"

முன்னால் தார்ப்பாய் இறுக்கிக் கட்டிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைத் தூரத்தில் பார்த்தாலே தெரியும், பட்டாசு லோடு. சித்திரை விஷுவுக்காகக் கேரளாவுக்குப் போகிற சரக்கு. கொஞ்சம் கிட்டே போனேன். இடது பக்கப் பின் சக்கரத்திலிருந்து, ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிசாக ஒன்று வந்துகொண்டிருந்தது.

அவரிடம் சொன்னேன். "பிரேக் இறுகிப் புடிச்சிருக்கு. டிரைவருக்குத் தெரியாது. நிப்பாட்டு அவன" என்றார்.

ஹாரனை விடாமல் அடித்தேன். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். நான் முந்தப் பார்க்கிறேன் என்று நினைத்து டிரைவர் கையை நீட்டி வழிவிட்டார். எதிரே வண்டி இல்லாததைப் பார்த்து லாரிக்கு இணையாக வேனைக் கொண்டுபோனேன். இப்போது என் வீட்டுக்காரரின் ஜன்னலுக்கு நேரே லாரி டிரைவர். அவர் முகம் இவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் அந்தத் திசையில் தலையை நீட்டி, மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டையால் கத்தினார். "தம்பி! பின் சக்கரம் புகையுது! லெப்ட்டு சைடு! கடைப் பக்கம் போயிராத, இங்கனயே ஓரங்கட்டு!"

எங்களுக்கு முன்னால், கூப்பிடு தூரத்தில் ஊருக்குள் பாதை பிரிகிற விலக்கு. டீக்கடை, பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். டிரைவருக்கு நல்லவேளையாகச் சட்டென்று புரிந்தது. வெறும் கரிசல் காடாகக் கிடந்த இடத்தில் லாரியை ஓரங்கட்டினார். நான் கொஞ்சம் முன்னால் தள்ளிப்போய் நிறுத்தி இறங்கி ஓடினேன்.

நின்றதும்தான் தீ தெரிந்தது. ஓடும்போது காற்றில் அடங்கியிருந்ததோ என்னவோ, டயருக்கும் இரும்புக்கும் நடுவிலிருந்து நாக்கு நீட்டியது. அதற்கு மேலே ஒரு முழம் தள்ளி லாரியின் பலகை. பலகைக்கு மேலே பெட்டி பெட்டியாக வெடி. டிரைவர் தீயணைக்கிற சிலிண்டரை எடுத்து வந்து அடித்தார். தீ அணைந்தது. அவர் மூச்சுவிடுவதற்குள் மறுபடி பிடித்தது. மறுபடி அடித்தார், அதற்குள் சிலிண்டர் காலி. இரும்பு அந்தச் சூட்டில் இருந்தது.

"அக்கா, ஓடிருங்க! அண்ணாச்சியக் கூட்டிக்கிட்டு ஓடிருங்க!" என்று கத்திக்கொண்டே அவர் ரோட்டுக்கு ஓடி, பின்னால் வந்த வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினார். முதலில் நின்றது ஒரு பட்டாசுக் கம்பெனி பஸ். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற பெண்கள் நிறைய இருந்தார்கள். அந்த பஸ் பின்னால் போக முடியாதபடி அதற்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. பெண்கள் இறங்கிக் காட்டுக்குள் ஓடுவது தெரிந்தது.

நானும் ஓடியிருக்கலாம். வேனை எடுத்துக்கொண்டு போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எங்களிடம் ஒரு டேங்க் தண்ணீர் இருந்தது.

வேனை ரிவர்ஸில் கொண்டுவந்தேன். "நீங்க எறங்கித் தள்ளிப் போங்க" என்று அவரிடம் சொன்னேன்.

"மோட்டார யார் போடுவா? நீ பைப்பப் புடி. மொதல்ல சிலிண்டரக் கழட்டணும்" என்று அவர் உள்ளே போய்விட்டார். நான் பைப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றேன். அதுவரை எங்கள் சமையல் சிலிண்டர் என் நினைப்பிலேயே இல்லை. ரெகுலேட்டரைத் தடவி, மூடி, கழற்றி அவர் கதவருகே கொண்டுவந்தபோது, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தாள். விரல்களில் வெள்ளி நிற வெடிமருந்து இன்னும் ஒட்டியிருந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் ஓட, இவள் மட்டும் இந்தப் பக்கம் வந்திருக்கிறாள்.

"இங்கன குடுங்க அண்ணாச்சி" என்று சிலிண்டரை வாங்கினாள். தண்ணீர்க் குடத்தைப் போல இடுப்பில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் ஓடி, தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்ப வந்தாள். வந்தவள் கேள்வி எதுவும் கேட்காமல் எனக்குப் பின்னால் ஹோஸ் பைப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மோட்டார் ஓடியது. தண்ணீர் பட்டதும் சக்கரம் சீறியது. நீராவியில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. டிரைவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். "சக்கரத்துக்கு நேர் பக்கம் நிக்காதீகக்கா, டயரு வெடிச்சா இரும்பு பறந்து வரும். முன்னால வந்து நில்லுங்க, அங்கனருந்து ஊத்துங்க." நகர்ந்து நின்று ஊற்றினோம். தீ அடங்கியது, ஆனால் புகை நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பைப்பில் தண்ணீர் நூலாக இளைத்துவிட்டது. வேனுக்குள்ளிருந்து அவர் சத்தம் கேட்டது. "டேங்கு அடியில போயிருச்சு!"

அந்தப் பெண் பைப்பை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். காட்டைப் பார்த்து, "ஏலே, அங்கன நின்னு என்னத்தப் பாக்கீக? பாட்டில்ல தண்ணி இருக்குல்ல, கொண்டாங்க! சாக்கு இருந்தா நனைச்சுக் கொண்டாங்க! தூக்குவாளியில மண்ண அள்ளுங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

முதலில் ஒருத்தி வந்தாள். பின்னாலேயே நாலைந்து பேர். அப்புறம் எண்ணத் தோன்றவில்லை. சாப்பாட்டுக் கூடைகளிலிருந்த தண்ணீர் பாட்டில்கள் கை மாறிக் கை மாறி வந்தன. மதியம் சோறு கொண்டுபோன தூக்குவாளியில் மண் வந்தது. டிரைவர் நனைத்த சாக்கைக் கம்பால் தள்ளிச் சக்கரத்தின் மேல் போட்டார். நான் மண்ணை வாங்கி வீசிக்கொண்டே இருந்தேன்.

அப்போது 'டமார்' என்று ஒரு சத்தம்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். அத்தனை பேரும் தரையோடு தரையாக விழுந்தோம். என் காது அடைத்துக்கொண்டது. இதோ அடுத்தது, இதோ அடுத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அடுத்தது வரவில்லை. கண்ணைத் திறந்தேன். லாரி அப்படியே நின்றது, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து. வெடித்தது டயர் மட்டும்தான். எனக்கு அப்போதுதான் அவர் வேனுக்குள் தனியாக இருப்பது உறைத்தது. "ஏங்க!" என்று நான் போட்ட கூச்சல் சாத்தூருக்கே கேட்டிருக்கும்.

உள்ளேயிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "இருக்கேன். மோட்டார நிப்பாட்டவா, வேணாமா? வெறுமன ஓடுது."

தரையில் கிடந்த யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், மண்ணில் கிடந்த அத்தனை பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். சிரிப்போடு அழுகையும் வந்தது. சாக்கின் மேல் மிச்சத் தண்ணீரை ஊற்றினோம். புகை நின்றது.

யாரோ போன் பண்ணியிருக்க, தீயணைப்பு வண்டி வந்தது; சக்கரம் ஆறும்வரை தண்ணீரை அடித்தார்கள். அதிகாரி எங்களைச் சரியாகத் திட்டினார். "வெடி லோடு பக்கத்துல இப்படிப் போகலாமா? உசுர் மேல ஆசை இல்லையா?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். தலையை ஆட்டிக்கொண்டோம். திட்டி முடித்துவிட்டு, என் வீட்டுக்காரர் நீட்டிய கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடாமல் இருந்தார்.

மாற்று லாரி வரும்வரை ரோட்டை அடைத்துவிட்டார்கள். வேனைத் தூரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். டீ போடலாம் என்றால் டேங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் திராட்சைக் கூடைகளை எடுத்துக் கொடுத்தார். சாலையோரம் அத்தனை பெண்களும் உட்கார்ந்தார்கள். பழத்தைக் கழுவ வழியில்லை, கையைக் கழுவவும் வழியில்லை. மருந்து ஒட்டிய கைக்காரிகளுக்கு மற்றவர்கள் வாயில் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தேன்.

"என்ன வேலை பாக்கீக அக்கா? வண்டிக்குள்ளயே வீடு வச்சிருக்கீக!" என்று கேட்டாள். லேபிள் அடிக்கிறோம் என்றேன். அவள் கண்ணை விரித்தாள்.

"அப்போ நீங்க அடிக்கிறதத்தான் நாங்க ஒட்டுறோம்னு சொல்லுங்க. சில சமயம் பசை புடிக்கவே மாட்டேங்குதுக்கா, காகிதத்தக் கொஞ்சம் நல்லதாப் போடச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர், "போட்டுருவோம் தாயி, போட்டுருவோம்" என்று சிரித்தார். முப்பது வருஷமாக அடிக்கிறோம், ஒட்டுகிற கையை அன்றுதான் பார்த்தேன்.

கொஞ்சம் தயங்கிவிட்டு அவளிடம் கேட்டேன். "ஒனக்குப் பயமா இல்லையா? எல்லாரும் ஓடும்போது நீ மட்டும் ஏன் இந்தப் பக்கம் வந்த?"

"பயம் இல்லாம இருக்குமாக்கா? நீங்க அங்கன ஒத்தையில பைப்பத் தூக்கிக்கிட்டு நிக்கீக. அதப் பாத்துட்டு எப்பிடி ஓடுறது?"

நான் அவளிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். வேனை ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கிப் பைப்பை எடுத்தேனே தவிர, ஊற்றுவேன் என்று எனக்கே நம்பிக்கையில்லை. பைப்பைப் போட்டுவிட்டு அவரை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் அவள் வாசலில் வந்து நின்றாள். அவள் வந்ததால் நான் நின்றேன். நான் நின்றதைப் பார்த்து அவள் வந்தாளாம். இதில் யாருடைய தைரியம் முதலில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாலை திறந்தவுடன் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று எல்லாரும் அவசரமாக ஏறினார்கள். அவளும் ஏறிவிட்டாள். பஸ் நகர்ந்த பிறகுதான் பெயர் கேட்கவில்லையே என்று தோன்றியது. எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. அவளுக்கும் என் பெயர் தெரியாது.

அன்று வீடு வந்து சேர்ந்ததும் இவர் முதலில் செய்த வேலை, அடுத்த வருஷம் செட்டிநாட்டுப் பக்கம் போவது என்று முடிவு செய்ததுதான். நானும் சரி என்றேன். வேனை ஓட்ட எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. சாலையில் நமக்கு என்ன வந்தாலும், பெயர் தெரியாத ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார் என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சாயங்காலம் அச்சகத்தை விட்டு வரும்போது கம்பெனி பஸ்கள் வரிசையாக எதிரே வரும். அவள் எதில் இருக்கிறாளோ தெரியாது. அதனால் எல்லா பஸ்ஸுக்கும் கை ஆட்டுகிறேன். யாரென்று தெரியாத பெண்கள் ஜன்னல் வழியாகச் சிரித்துக்கொண்டே கை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு நல்ல காரியம் செய்ய முகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று அவள் எனக்குக் காட்டிவிட்டுப் போனாள். நன்றி சொல்வதற்கும் அது தேவையில்லை என்று நானாகக் கற்றுக்கொண்டேன்.